விளிம்பு

புதுச்சேரி பஸ் ரெட்டிச்சாவடி தாண்டும்போது
பாடலி சத்தமாகக் கேட்டாள்:
"எனக்கும் உன்னை மாதிரி கோடு போடுவாங்களா?"
முன்சீட்டுக்காரர் திரும்பினார்.
முந்தானையை இழுத்துவிட்டேன்.
பழக்கம்.

ஒன்பது வயதில் எனக்குப் போட்டது.
தொண்டைக்குழியின் கீழிருந்து மேல்வயிறு வரை.
மஞ்சக்குப்பம் பள்ளியில் அதற்குத் தண்டவாளம் என்று பேர்,
கூவென்று ஊதியபடி என்னைச் சுற்றி ஓடுவார்கள்.
பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார்
பஜ்ஜியைக் கடித்தது பாதியிலேயே எழுந்துபோனார்கள்.
நான்காவதாக வந்த சிவக்கொழுந்து
"இப்ப மூச்சு வாங்குதா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா மருந்துச்சீட்டின் முதுகில்
ஓர் ஓட்டை வரைந்தார், சுற்றிலும் கரை.
"பதினாறு மில்லிமீட்டர்.
விளிம்பு இருந்தா குடை, இல்லேன்னா கத்தி.
இவளுக்கு இருக்கு."

எனக்கு இருந்ததா?
அன்று யாரும் தேடவில்லை.
குடையும் அப்போது
எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை.

என் முறைக்கு ஆறு பாட்டில் ரத்தம் கேட்டார்களாம்.
துறைமுகத்திலிருந்து ஆறு பேரை
மீன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார் அப்பா.
இவள் முறைக்கு நாங்கள் இரண்டு பேர்,
ஒரு பிளாஸ்க்.
அதில் காபி சூடு குறைவதற்குள்
கதவு திறந்துவிட்டது.

திரையில் ஓட்டிக் காட்டினார்கள்.
தொடை மடிப்பில் நுழைந்த மெல்லிய குழாய்
ரத்தம் போகிற வழியிலேயே ஏறிப்போய்
ஓட்டையின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது.
அங்கே ஒரு வட்டம் விரிகிறது.
பின்னால் இழுக்க, சுவரில் ஒட்டுகிறது.
இந்தப் பக்கம் இன்னொன்று.
ஒரு தடவை ஆட்டிப் பார்க்கிறார்கள்,
கொக்கியில் சட்டை மாட்டிவிட்டு
விழாதே என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படி.
பிறகு கம்பியைத் திருகிக் கழற்றி
வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள்.

கண்விழித்த பாடலி சட்டையைத் தூக்கி நெஞ்சைத் தேடினாள்.
ஒன்றும் இல்லை.
தொடையில் ஒரு பிளாஸ்டர்.
"இவ்ளோதானா?"
அவள் முகம் வாடிப்போனது.
எனக்குப் பொறாமையாக இருந்தது.
பெற்ற மகள்மேல், ஆமாம்.
கைகழுவும் இடத்துக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆறு மாதம் ஆஸ்பிரின்.
ஒரு மாதம் குதிக்கக் கூடாது.
அவளிடம் யார் சொல்வது.

திரும்பும் பஸ்ஸில் ஒரே புழுக்கம்.
முந்தானையை இழுத்துவிடவில்லை
என்று எழுதத்தான் ஆசை.
இழுத்துத்தான் விட்டேன்.
தூக்கக் கலக்கத்தில் அவள் அதை ஒதுக்கிவிட்டு
தண்டவாளத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.
பெண்ணையாற்றுப் பாலம் வந்தது, போனது.
நான் அசையவில்லை.