எடைச்சீட்டு

யெல்லோநைஃபில் காலை ஐந்து. மைனஸ் முப்பத்தெட்டு.
விமானி உரிமம் உள்சட்டைப் பையில்
உடம்புச் சூட்டுக்கு வளைந்து கிடக்கிறது.
இருநூற்று அறுபது மணிநேரம் பறந்தவள்
இப்போது தூக்குவது
பூனை மணல், பால் பெட்டிகள், பனிவண்டிக்கு ஓர் எஞ்சின்,
காலியான ஒரு சவப்பெட்டி.

ஒரு வருஷம் தரையில் நில்,
பிறகு வலது இருக்கை என்றார்கள்.
சொன்னது போன வருஷத்துக்கு முந்தின அக்டோபரில்.

கோர்பின் எட்டு மாதம் நின்று பார்த்தான்.
கையுறையைக் கழற்றி என் லாக்கர்மேல் வைத்துவிட்டுத்
தெற்கே போய்ப் பயிற்றுநர் ஆனான்.
நீ பெட்டி எண்ணு, நான் மணி எண்ணுகிறேன்
என்று செய்தி அனுப்பினான்.
சிரித்தேன். கோபம்தான்.

நான் என்ன கற்றேன்?
பனிக்கட்டி விளக்கொளிக்கு வராது,
இறக்கை உடலோடு சேரும் அக்குளில் ஒளிந்திருக்கும்;
கையால் தடவினால்தான் அகப்படும்.
போர்வை போர்த்தாத எஞ்சின் எப்படி இருமும்,
எந்தக் கேப்டன் பயந்தால் அதிகம் ஜோக் அடிப்பார்.
இதற்கெல்லாம் பறப்புக் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது.

பிப்ரவரியில் ஒரு நாள்
பதினொரு துளைக்கருவிப் பெட்டிகள்.
சீட்டில் தலா முப்பது கிலோ.
என் இடுப்பு அதை நம்பவில்லை.
கேப்டன் மெர்க்ரெடியிடம் சொன்னேன்.
அவள் பதில் பேசாமல் ஒன்றைத் தராசுக்கு இழுத்தாள்.
நாற்பத்து நான்கு.
நான்கைக் கீழே இறக்கி, இரண்டை முன்னால் நகர்த்தி,
பென்சிலால் அடித்துத் திருத்திப் பறந்து போனாள்.
நன்றி கின்றி ஒன்றுமில்லை. மறுநாள் மட்டும்
ஹ்னாட்டியுக் என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

ஏப்ரலில் இருக்கை காலியானது.
கோர்பின் வந்தான், ஆயிரம் மணிநேரத்தோடு.

சரக்குக் கதவை அவனுக்காக நான்தான் சாத்துகிறேன்.
இடது அக்குள் என்று விரலால் காட்டினால்
இறங்கி வந்து வெறுங்கையால் தடவிப் பார்க்கிறான்.
அதையும் சொல்லியாக வேண்டும்.

சஸ்கடூனிலிருந்து புதிதாய் வந்த பையன் கேட்கிறான்:
இந்த வேலை உதவுமா?
உள்ளே கம்பளி, வெளியே தோல்,
கையுறை இரண்டு வகையும் வாங்கிக்கொள் என்றேன்.
வேறென்ன சொல்ல?

இன்று மெர்க்ரெடி சீட்டோடு வந்து நிற்கிறாள்.
பின்னால் மடக்கு இருக்கை ஒன்று காலி,
உன் எடை என்ன?
சொன்னேன்.
பூட்ஸோடா?
பூட்ஸோடு.
எழுதினாள்.
ஆட்கள் பத்தியிலா, சரக்குப் பத்தியிலா,
அவள் கட்டைவிரல் மறைத்துவிட்டது.