கோணல் திடல்

ஹாகனில் ஏப்ரல் மாதம்.
முதல் பாதிக்குள்ளேயே வெயில், ஆலங்கட்டி, மறுபடி வெயில்.
ஒன்றுக்கு ஒன்று.
போன ஞாயிறும் ஒன்றுக்கு ஒன்று.
கடைசி ஏழு ஆட்டத்தில் இது ஐந்தாவது சமன்,
மற்ற இரண்டையும் பற்றிக் கதைக்க வேண்டாம்.

டெட்லெஃப் பியர் மட்டையைத் திருப்பிப்போட்டுக்
கணக்கு எழுதுகிறான்:
மூன்று ஆட்டம் மிச்சம், ஒன்பது புள்ளி,
இரண்டாம் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி தூரம்.
மேலே நிற்கிறவர்கள் ஒருக்கால் சறுக்கினால் போதும்.
"ஒருக்கால்தானே" என்கிறான்,
வட்டிக்காரனிடம் தவணை கேட்கிறவனைப் போல.

நூரெட்டின் சிரிக்கவில்லை.
அவன் கடுகுக் கறை படிந்த கையால்
காற்றில் வலது ஓரத்தை வரைந்து காட்டுகிறான்:
இங்கே ஓட்டை. இதே ஓட்டை பெப்ரவரியிலும் இருந்தது.
ஒன்பதாம் எண்காரனோ
தகப்பனான நாளிலிருந்து
கோலுக்கு முன்னால் வந்து கொட்டாவி விடுகிறான்.
"பிள்ளைக்குப் பல் முளைக்கும் வரைக்கும்
நமக்கு கோல் இல்லை."

தயாபரன் என்னோடு வேலை செய்கிறவன்,
சும்மா துணைக்கு வந்தவன்.
எண்பதாயிரம் பேர் கத்தும் ஆட்டங்களைத்
தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவன்.
"இருநூற்றிப் பத்துப் பேர், அதில் ரெண்டு நாய்,
இதுக்கு இவ்வளவு சண்டையோ?" என்று தமிழில் கேட்டான்.
நான் மொழிபெயர்க்கவில்லை.
டெட்லெஃப்புக்கு விளங்கிவிட்டது.
"மூன்று நாய்" என்றான்.

பிறகு என்னைக் கேட்டார்கள்.
நான் தரையோடு போடுகிறவன்,
ஒரு நூல் சாய்ந்தாலும் என் கண் உறுத்தும்.
ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்பார்கள்.
எங்கள் திடல் உண்மையிலேயே கோணல்.
வந்த முதல் வருஷம் வானிலிருந்து
மட்டப்பலகையை எடுத்து வைத்துப் பார்த்தேன்.
வடக்குக் கோலிலிருந்து தெற்குக் கோலுக்கு
ஒரு ஆள் இடுப்பளவு இறக்கம்.
காசு சுண்டி வென்றால் நாங்கள்
முதலில் மேட்டைப் பார்த்து மூச்சிரைப்போம்,
பின்பாதியில் சரிவோடு சேர்ந்து ஓடுவோம்.
வருகிறவர்களின் பந்து மட்டும்
சொன்ன இடத்தில் நிற்காது.

"வெளியூரில்தான் வழுக்குகிறோம்" என்றேன்,
"சமதரை எங்களுக்குச் சரிவராது."
நூரெட்டின் என்னைக் கட்டிப்பிடித்தான்.
டெட்லெஃப் மட்டையில் எதையோ வெட்டினான்.

அப்போதுதான் ஹைக்கே,
நுழைவுச்சீட்டுப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்:
கடிதம் வந்திருக்கிறது.
மேல் பிரிவுக்குப் போனால் இந்தத் திடல் செல்லாது.
மட்டமாக்கக் காசில்லை.
இஸர்லோனில் ஒரு செயற்கைப் புல் தரை,
ஞாயிறு மாலை, வாடகைக்கு.

இறைச்சி வாட்டுகிறவன் அடுப்பை அணைத்தான்.
இவ்வளவு நேரம் நாங்கள் கணக்குப் போட்டது
எந்த வாசலுக்கு என்று
யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.
ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில்
பந்து எங்கள் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது
நான் கத்தினேனே,
இப்போது என்றால்
எப்படிக் கத்தியிருப்பேன் என்று யோசித்தேன்.

"போக வேண்டும்" என்றான் டெட்லெஃப் கடைசியில்.
"போய்த் தோற்று
அடுத்த வருஷம் திரும்பி வரலாம்."
நூரெட்டின் அவனைக்
கெட்ட வார்த்தையில் திட்டினான், துருக்கியில்.
ஹைக்கே குடையை விரித்தாள்.

எல்லோரும் பஸ்ஸுக்கு நடந்த பிறகு
நான் மட்டப்பலகையோடு நடுப்புள்ளிக்குப் போனேன்.
தயாபரன் வானுக்குள் இருந்து ஹோன் அடித்தான்.
ஈரப் புல்லில் பலகையை வைத்தேன்.
பந்து என்றால் தெற்கே உருளும்.
குமிழ் வடக்கே ஏறியது,
கோடு தாண்டி, கண்ணாடி முனை வரைக்கும்.

துடைத்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது
தரிப்பிடத்திலிருந்து டெட்லெஃப்பின் குரல்:
"அவர்கள் இன்றைக்கு வென்றிருந்தால்
மூன்று புள்ளி தூரம்!
யாராவது முடிவைப் பார்த்தீர்களா?"

எல்லோர் சட்டைப் பையிலும் கைபேசி இருந்தது.
பஸ் வரும் வரைக்கும்
ஒருவரும் எடுக்கவில்லை.