சேத அறிக்கை

கொம்பனித்தெருவில் மழை விடாத செவ்வாய்.
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியைக்
காலையிலிருந்து மூன்று முறை ஊற்றிவிட்டேன்.
ஜெசீம் கண்ணாடி வெட்டுகிறான்.
மேசையில், சட்டத்திலிருந்து கழற்றிய படம்.

பொருள்: பென்சில், தாள்.
ஓவியர்: ஒஸ்மண்ட் வன் ரோயன்.
ஆண்டு: தெரியாது.
கோடுகள், நான் எண்ணியபடி, ஒன்பது.

கழுத்தில் தொடங்கிய ஒன்று
முதுகைத் தொட்டும் தொடாமலும் இறங்கிக்
குதிக்கால் மட்டும் கை தூக்காமல் போகிறது.
குடைக்கு ஒரு வளைவு, காம்பு கிடையாது.
முகத்துக்கு
தாடையின் சிறு கொக்கி, அவ்வளவுதான்.
கூடாரம் இல்லை, யானை இல்லை,
கைதட்டும் சனம் இல்லை.

"கயிறு எங்க?" என்றான் ஜெசீம்,
மிச்சக் காசு குறைத்துத் தந்த
கடைக்காரனைக் கேட்பதுபோல.

சொந்தக்காரி பியூலா தர்மரட்ணம்
பம்பலப்பிட்டியிலிருந்து தொலைபேசியில்:
"நடுவில ஒரு மடிப்பு ஓடுது பாருங்கோ,
அதை மட்டும் அழுத்தி எடுத்துவிட்டால்
ஏலத்தில நல்ல விலைக்குப் போகும்."

தாளைத் திருப்பினேன்.
பின்னால் தட்டச்சில் தேயிலைப் பட்டியல்:
பி.ஓ.பி. நாற்பத்திரண்டு பெட்டி,
டஸ்ட் பதினெட்டு.
கோட்டையில் ஏதோ ஒரு கந்தோரில்
உறைக்குள் அடங்க யாரோ மடித்த மடிப்பு.

பூதக்கண்ணாடியை இறக்கினேன்.
வரைந்தபின் மடித்தால் கரி அங்கே உதிரும்.
மடித்தபின் வரைந்தால் பள்ளத்தில் தங்கும்.
தங்கியிருக்கிறது.
இரண்டு பாதங்களுக்கும் கீழே
எள்ளளவு கருமை.

அப்படியென்றால் அந்த மனுஷன்
சர்க்கஸ் இருட்டில் சட்டைப்பையைத் துழாவி,
அகப்பட்டதை முழங்காலில் விரித்து,
ஏற்கெனவே கிடந்த கோட்டின் மேல்
அவளை இறக்கிவிட்டிருக்கிறார்.
பத்தாவதை அவர் வரையத் தேவைப்படவில்லை.

கரையோர ரயில் போனது. மேசை அதிர்ந்தது.
குதிக்கால் ஒருகணம் நடுங்கியது
என்று எழுதினால்
என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள்.

கடைசிக் கட்டம்: பரிந்துரை.
இலேசாய் ஈரப்படுத்தி, ஒற்றுத்தாள் வைத்து,
பாரம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க.
அதுதான் வழக்கம். எனக்குக் கைவந்த வேலை.
பேனையை எடுத்தேன். வைத்தேன்.

அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது,
மடிப்பை நீவினால் பெண் விழுந்துவிடுவாள் என்று?
கீழே வலையும் வரையவில்லை அவர்;
வெறும் தாள், கொழும்பின் ஈரத்தில்
அங்கங்கே பழுப்பேறிய தாள்.

ஜெசீம் கண்ணாடிக்கு அளவு கேட்கிறான்.
வாளி மறுபடி நிறைந்துவிட்டது.