ஐந்தாவது சொல்

இருட்டில் எண்ணப் பழகியவள் நான்.
அவன் மூச்சு நின்றதும் ஒன்று என்று தொடங்குவேன்.
முப்பத்தெட்டு வரை போன இரவுகள் உண்டு.
பிறகு சேற்றில் புதைந்த நங்கூரத்தைப் பிடுங்குவதுபோல்
ஓர் இழுப்பு.
ஜன்னலுக்கு வெளியே கிளைப்பேடா துறைமுகம்
தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

பகலில் கின்டௌதாஸ்
தேநீரில் இரண்டு தடவை சர்க்கரை போட்டான்.
தம்பி மகனைத் தம்பி பெயரால் கூப்பிட்டான்.
கிரேன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு
எந்தப் பெட்டி, எந்தக் கப்பல் என்று
கீழே கேட்டான், மூன்று முறை.
இறக்கிவிட்டார்கள்.
வீட்டில் அவன் வாக்கியங்களை நான் முடித்துவைத்தேன்,
பொத்தான் தைப்பதுபோல், யோசிக்காமல்.

டாக்டர் ஐந்து சொற்கள் சொன்னார்:
குதிரை, வெண்ணெய், கோபுரம், ஊசி, நீலம்.
சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்.
குதிரை, என்றான். நீலம், என்றான்.
அப்புறம் உள்ளங்கையையே பார்த்திருந்தான்,
யாராவது அங்கே எழுதிவைத்திருப்பார்களோ என்று.

முகமூடி வந்தது, குழாய் வந்தது,
கட்டிலோரம் ஓயாமல் ஊதும் ஒரு பெட்டி வந்தது.
முதல் வாரம் கழற்றி எறிந்தான்:
'புயலைப் பார்த்து வாய் பிளந்து படுக்கச் சொல்கிறார்கள்.'
மூன்றாம் மாதம்
குறுக்கெழுத்துக்குப் பென்சிலை விட்டுப் பேனா எடுத்தான்.
ஆறாம் மாதம் நான்கு சொற்கள்.
ஐந்தாவது வரவில்லை.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
'சிலது வராமலும் போகும்' என்றார் டாக்டர்.

வந்தது வேறொன்று.
நேற்றிரவு மூன்று மணிக்கு முகமூடியைத் தூக்கி
தெளிவாகச் சொன்னான்:
'படகு ஆறாயிரத்துக்குப் போயிற்று, அல்டோனா.
கைகுலுக்கியவன் நான்.
நாலாயிரம் என்றாய் நீ.'

ஏழு வருஷம்.
மீதி, அக்காவின் வீட்டு வாடகையாய்ப் போனதை
அவன் மறதிக்குள் மடித்து வைத்திருந்தேன்.
வாயைத் திறந்தேன்.
அவனோ பட்டையை இறுக்கிக்கொண்டு
அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.
பெட்டி ஊதியது.
காற்றோடு யார் வழக்காடுவது?

பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று சொல்லி முடிப்பதற்குள்
அடுத்த மூச்சு வந்துவிடுகிறது.
விடியும்வரை எனக்குத்தான் தூக்கமில்லை.

காலையில் சட்டையோடு வந்து நின்றான்.
நாளை கிரேனில் ஏறலாம் என்று கடிதம் வந்திருக்கிறது,
கழுத்துப் பொத்தான் அறுந்திருக்கிறது.
'அது எங்கே, அந்த...'
இரண்டு விரலைச் சேர்த்து
காற்றைக் குத்திக் குத்திக் காட்டினான்.

நுனிநாக்கில் இருந்தது எனக்கு.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.