தணிக்கைத் தடை 14-க்குப் பதில்

பார்வையில் கண்ட கடிதத்துக்குப்
பணிந்து தெரிவிப்பது.

ஐப்பசியில் மிகைநேரப் படி
மூன்று மடங்கானது உண்மை.
அதே ஐப்பசியில் மருத்துவ விடுப்பும்
மூன்று மடங்கானது உண்மை.
இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.
உண்டு.

குலசேகரம் பிரிவில் மதகுக் காவலுக்கு
ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் ஐந்து.
பகவதியப்பன் ஓய்வு பெற்று நான்கு வருடம்.
இன்னொருவர் பெயர் இங்கே இருக்கிறது,
ஆள் தக்கலையில் ஜீப் ஓட்டுகிறார்.
மிச்சம் மூன்று பேர்.

முதலில் சுயம்பு விழுந்தார். எலிக்காய்ச்சல்.
சானலில் இடுப்பளவு நின்று
ஆகாயத்தாமரை இழுத்தவர்;
கணுக்காலில் ஆறாத ஒரு பழைய புண்.
அவருடைய பதினோரு இரவுகளை
தொபியாசும் ரெஜினால்டும் பங்கிட்டார்கள்.
பதினொன்றை இரண்டால் வகுத்தால்
ஒன்று மிஞ்சும்.
அந்த ஒன்றின் விடியலில்தான்
வீட்டுக்குப் போகும் வழியில் ரெஜினால்டு
பைக்கிலேயே தூங்கிப்போனார்.
தொடையில் கம்பி, நாற்பத்தைந்து நாள்,
சான்றிதழ் இணைப்பு மூன்றில்.

பிறகு தொபியாஸ் ஒருவர்தான்.
தொடர்ந்து பதினெட்டு மணி நேரம் எப்படி என்று
பென்சிலால் வட்டமிட்டிருக்கிறீர்கள்.
எப்படி என்று எனக்கும் தெரியவில்லை ஐயா.
மணிக்கு எழுபத்தாறு ரூபாய் என்று பெருக்கினேன்.
பெருக்குவது என் வேலை.

இனி, நீங்கள் சிவப்பில் வட்டமிட்டது.
இருபத்தேழாம் தேதி
விடுப்புப் பதிவேட்டில் தொபியாஸ் ஆஸ்பத்திரியில்.
மதகுப் பதிவேட்டில் அதே தொபியாஸ்
இரவு பத்து முதல் காலை ஆறு வரை.
ஒரே ஆள் ஒரே இரவில்
நோயாளியாகவும் மிகைநேரத்திலும் இருக்க
விதியில் இடமில்லை.

அன்று மலையில் கொட்டியது.
பொறியாளர் சொல்ல, போன் செய்தது நான்தான்.
எடுக்கக்கூடிய வேறு எண் எதுவும் என்னிடம் இல்லை.
கையில் ஊசிக்குழாய் ஒட்டியபடியே
ஆட்டோவில் வந்தார்.
ஆட்டோக் கூலி நூற்றைம்பது;
அதற்குக் கணக்குத் தலைப்பு கிடையாது.
முதல் மதகு நாற்பது சுற்று,
இரண்டாவதும் நாற்பது,
மூன்றாவதில் துரு. எத்தனை என்று எண்ணவில்லையாம்.
பத்து மணிக் கையெழுத்தில் பெயர் முழுதாக இருக்கிறது.
ஆறு மணிக் கையெழுத்து ஒரு கோடு.

நேரில் விசாரித்தேன். சொன்னார்:
“எனக்கு ஏலாம கெடந்ததும் நெசம்,
ஷட்டரு தொறந்ததும் நெசம்.
ரெண்டு நெசத்துக்கு ஒத்த ராத்திரியில
எடமில்லேன்னா
ஒங்களுக்கு எது எளுப்பமோ, அத வெட்டும் மேடம்.”

எது எளிது என்று பார்த்தேன்.
விடுப்பை வெட்டினால் டாக்டர் பொய்யர் ஆவார்.
மிகைநேரத்தை வெட்டினால்
யாரும் பொய்யர் இல்லை,
மழை மட்டும்தான்.

எட்டு மணி நேரம், அறுநூற்று எட்டு ரூபாய்.
மறுநாள் ஜவுளிக்கடைப் பையில் கொண்டுவந்தார்,
அந்த எட்டு ரூபாயைச் சில்லறையாக.
ரசீது வேண்டுமென்று நின்றார்.
சலான் நகல் இணைப்பு ஏழில்.

ஆகவே பத்தி பதினான்கைக்
கைவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

(இனி வருவது வரைவில் மட்டும்,
அனுப்பும் படியில் வேண்டாம்.

இதை எழுதும்போது மணி எட்டரை.
எழுத்தருக்கு மிகைநேரம் இல்லை, தெரியும்.
தலைவலிக்கு இரண்டு மாத்திரை போட்டாயிற்று.
திற்பரப்புப் பக்கம் இடி கேட்கிறது.
முறைப்பட்டியலில் இன்றைய இரவுக் கட்டத்தில்
தொபியாஸ் என்று எழுதியிருக்கிறேன்,
பென்சிலால்.
அழிக்கலாம் என்றுதான்.
ரப்பர் மரத்துக்குக் குறைவில்லாத இந்த ஊரில்
அழிக்க ஒரு துண்டு ரப்பர்
மேசையில் எங்குமே கிடைக்கவில்லை.)