ஈரக் கழிவு

பத்தொன்பது அறுவடையாக
இந்த எடைச்சாவடியில் பேரேடு எழுதுகிறேன்.
பேனா சங்கத்துடையது,
கையெழுத்து என்னுடையது.

மூன்றாம் பக்கம், பதினோராம் வரி:
வாண்டேபா, மேல்சரிவு, நானூற்றுப் பத்து காப்பி மரம்.
அதில் ஒன்றையாவது அவன் கை தொட்டு
நான் பார்த்ததில்லை.
மூட்டையேற்றிய சைக்கிளின் ஹேண்டில்பாரைத்
தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

பழம் பறித்தவள் நம்போசோ.
ராத்திரியில் கைச்சக்கரம் சுற்றித் தோலுரித்தவள்,
வழவழப்புப் போகும்வரை ஓடையில் அலசியவள்,
மசாபா மலையில் மேகம் இறங்கினால்
மடியிலிருந்த பிள்ளையைக் கீழே விட்டுக்
காயும் கொட்டையை அள்ள ஓடியவள்.
இதற்கெல்லாம் என் ஏட்டில் கட்டம் கிடையாது.
குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் உண்டு.
அச்சகத்திலிருந்தே அப்படித்தான் வந்தது.

இது இரட்டைப்படை ஆண்டு,
எங்கள் பையன்கள் கத்திக்கு நின்று ஆணாகும் ஆண்டு.
தம்பி மகனின் சடங்குக்கு
ஒரு காளை, ஆறு பானை கேழ்வரகுக் கள்,
மூன்று நாள் மேளம் என்று
வாண்டேபா முன்பணம் கேட்டான்.
நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.
அடுத்த மாதம் அவன் மகள் கைன்சா
பள்ளிச் சீருடையோடு வாழைக்கொல்லையில் நின்றாள்.
மூன்றாம் பருவக் கட்டணம் வரவில்லையாம்,
அனுப்பிவிட்டார்களாம்.
வந்து நாலு நாள் ஆயிற்றே,
சீருடையைக் கழற்றினால் என்ன என்றேன்.
"நாளைக்குக் கூப்பிட்டுவிட்டால்?"

வியாழக்கிழமை
தலையில் மூட்டையோடு நம்போசோவே வந்தாள்.
"வாண்டேபா எங்கே?"
"தூங்குகிறார்."
கொக்கியில் மாட்டினேன். முள் ஆடி அடங்கியது.
வழக்கம்போல் நாற்பது என்று எழுதினேன்.

"நாற்பத்திரண்டில் நிற்கிறது."

ஈரக் கழிவு, என்றேன். மூட்டைக்கு இரண்டு கிலோ.
அவள் மூட்டை வாயை அவிழ்த்து
ஒரு கொட்டையைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
டக்கென்ற சத்தம்
வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.
இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.
"ஈரம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்."

நான் கடிக்கவில்லை.
என் வீட்டுத் தகரக் கூரை
அந்த ஈரத்தில் முளைத்ததுதான்.

மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.
பெருவிரலை அவள் நீட்டவில்லை.
"என் பெயர் எந்த வரியில் இருக்கிறது?"
இல்லை.
"எழுதுங்கள்."
கட்டம் இல்லையே.
"ஓரத்தில் இவ்வளவு வெள்ளை கிடக்கிறதே."

எழுதினேன். ந-வில் தொடங்கிச் சரிந்து
அடுத்த வரிக்காரன் தலையில் இடித்தது என் எழுத்து.
நாற்பத்திரண்டு கிலோவுக்கு ஷில்லிங்கை எண்ணி வைத்தேன்.
அவளும் எண்ணினாள், இரண்டு தரம்.
என் மேசையிலேயே பள்ளிக்கூடத்துக் காசைத் தனியே எடுத்து
இடுப்பில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் வாண்டேபா வந்தான்,
கண் சிவந்து, பணத்தைத் தேடிக்கொண்டு.
பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தான்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
பத்தொன்பது ஆண்டாக
குடும்பத் தலைவர் கட்டத்துக்கு நேரே இருப்பதெல்லாம்
ஒரு பெருவிரல் கறை.
என் பெயர் எங்கே என்று
ஒருநாளும் அவன் கேட்டதில்லை.
கேட்காமலே இருந்தது.

மறுநாள் ஒன்பது மூட்டை வந்தது.
எட்டு ஆண்கள், ஒரு பெண்.
அவளுடையதற்கு மட்டும்
முள் நின்ற இடத்தை எழுதினேன்.
மற்ற எட்டுப் பேரும்
முள்ளைப் பார்க்கவே இல்லை.