பெரிய வியாழன், இரண்டிலிருந்து மூன்று

ஆராதனைப் பட்டியலைக் கதவில் ஒட்டியிருந்தார்
இன்னாசி உபதேசியார்.
எங்கள் அன்பியத்துக்கு இரவு இரண்டிலிருந்து மூன்று.
என் பெயர் நான்காவது,
எழுத்துப்பிழையோடு.

அன்று காலை ஆறு பத்துக்கு
நாக்பூரில் கூடை திறந்தார்கள்.
முப்பத்தொரு புறாக்கள்.
ஒன்று என்னுடையது,
நீலப்பெட்டை, வளையம் 2286.
தொள்ளாயிரம் கிலோமீட்டர் கடந்து
கிருஷ்ணகிரிக்கு வரவேண்டும்,
பழையபேட்டையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
நான் தகரம் வேய்ந்த கூட்டுக்கு.

இரவில் புறா பறக்காது. தெரியும்.
ஆனாலும் முழந்தாளிட்ட பத்தாம் நிமிடம்
போனை எடுத்தேன்,
வெளிச்சம் குறைத்து, ஜெபப்புத்தகத்துக்குள் வைத்து.
அடிலாபாத் பக்கம் எதிர்க்காற்று என்று
குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்.
அதற்காக மன்றாடினேன், ஆண்டவரே,
நெஞ்சாரத்தான் மன்றாடினேன்.
உமக்கு நான் தந்த அந்த ஒரு மணியில்
உம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
காற்றைக் கொஞ்சம் திருப்பும்.

பிறகு தூங்கிவிட்டேன்.
பின்னால் இருந்தவர் முதுகில் தட்டினார்.
குறட்டையாம்.

வெள்ளி விடியுமுன் மொட்டை மாடி.
வடக்கே பார்த்து நின்றவன் நின்றவன்தான்.
சையத் பாஷா மலைக்கு மேல் ஒரு வல்லூறு
வட்டமடித்தது. அதைச் சபித்தேன்.
காகம் பறந்தால் நெஞ்சு எகிறியது,
கொக்கு பறந்தாலும்.
கண்ணில் நீர் வழிந்தும் இமைக்கவில்லை.

ஒரு மணிக்கு ஜும்மாவுக்குக் கிளம்பினான்
அடுத்த மாடி முனீர்.
அவனுடையவை மூன்று பறந்துகொண்டிருந்தன.
'இந்த நேரத்துல வந்துட்டா?'
'வரட்டும். அதுக்கு வீடு தெரியும்'
என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு
படியிறங்கிப் போனான்.

மூன்று மணிக்குக் கீழே கோயிலில்
மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டும் சத்தம்.
கேட்டது.
தலையைத் திருப்பவில்லை.

இருட்டியபின் இறங்கினேன்.
'காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கலை,
இந்த வருஷம் கடும் உபவாசம்' என்று
பக்கத்து வீட்டில் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள் பவுலினா.
நான் மறுக்கவில்லை.
சாப்பிட மறந்துபோனேன் என்று
எப்படிச் சொல்வது?
அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது.
தைலம் தேய்த்துவிட்டாள்.
இருபத்தொரு வருட வாழ்க்கையில்
முழங்காலுக்கு ஒருநாளும்
நான் தைலம் கேட்டதில்லை.

சனி. மாலை ஐந்துக்கு ஒத்திகை.
திருவிழிப்பில் முதல் வாசகம் ரெனிட்டாவுக்கு.
'நீதான் கூட்டிப்போகணும்' என்றாள்.
வானத்தை விட்டுவிட்டு
முனகிக்கொண்டே வண்டியெடுத்தேன்.

நடுராத்திரி, விளக்கணைத்த கோயில்.
பாஸ்கா மெழுகுதிரி வெளிச்சத்தில்
உலகம் உண்டான கதையை வாசித்தாள் என் மகள்,
நடுங்காத குரலில்.
ஐந்தாம் நாள் வந்தது.
பறவைகள் என்றாள்.
அந்தச் சொல்லோடு நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.
ஆறாம் நாளில் மனிதனைப் படைத்தபோது
நான் அங்கே இல்லை.

ஒன்றரைக்கு வீடு. டார்ச்சோடு மேலே போனேன்.

இருந்தது.
தன் பலகையில், தன் மூலையில்,
மார்பெலும்பு துருத்த
ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது.
ஐந்துக்கும் இருட்டுக்கும் நடுவில்
எப்போதோ வந்திருக்கிறது.
பார்த்தவர் யாருமில்லை, நேரம் குறித்தவர் யாருமில்லை.
பந்தயக் கணக்கில் அது வராத புறா.

காலையில் முனீர் கேட்டான்.
'கோயில்ல இருந்தேன்' என்றேன்,
கொஞ்சம் நிமிர்ந்து.
சொன்ன பிறகு கூசியது.

புறாக்களை விற்கவில்லை.
விற்றால் மீன்தொட்டி வாங்குவேன்,
என்னை எனக்குத் தெரியும்.
உபதேசியாரிடம் போய்
முதல் வெள்ளி ஆராதனையில் ஒரு மணி நேரம் கேட்டேன்.
'பகலா, ராத்திரியா?'
பகல் என்றேன். ஜன்னல் இல்லாத பக்கம்.

என் பெயரை எழுதினார்.
மறுபடி பிழையாகவே.
திருத்தச் சொல்லவில்லை.
அவருக்கு ஆள் தெரியும்.